இலை ஏன் நீலமானது?

பழைய தாவர ஓவியங்களை ஊன்றிப் பார்க்கிற எவரும் என்றாவது ஒருநாள் ஒரு நீல இலையின் முன் தயங்கி நிற்பார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சுப் படம். காம்பின் வளைவு சரி, காயின் வரி சரி, மகரந்தத் தாள்களை எண்ணிக்கூடப் பார்க்கலாம். இலை மட்டும் பச்சையாக இல்லை. சாம்பல் கலந்த நீலமாக இருக்கிறது. அந்தச் செடியை நேரில் கண்டவருக்குத் தெரியும், அதன் இலை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை என்று. ஓவியரின் கண்ணில் பழுதில்லை. அவர் தீட்டியபோது அது பச்சையாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பச்சையிலிருந்து மஞ்சள் மட்டும் கழன்று போய்விட்டது.

மஞ்சள் எப்படிப் போயிற்று என்பது வேதியியல். மிஞ்சிய அந்த நீலமோ நம் மண்ணோடு தொடர்புள்ளது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில், பண்ருட்டிச் சாலை பிரிகிற கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று சுற்றிலும் பார்த்தால் இன்று நெல்லும் கரும்பும்தான் கண்ணில் படும். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இது தென்னார்க்காடு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. இங்கே தொட்டிகளில் ஊறிய இலையிலிருந்து எடுத்த நீலக் கட்டிகள் கப்பலேறி உலகமெங்கும் போயின. பெரும்பகுதி துணிக்கு, ஒரு சிறு பகுதி ஓவியர்களின் வண்ணப் பெட்டிக்கு.

அந்த நீல இலைப் படங்கள் பிறந்த விக்டோரியா அரசியின் காலம் 1837 முதல் 1901 வரை. இங்கிலாந்தில் வசதியுள்ளவர்கள் வீட்டுக்குள் பெரணியை வளர்த்தார்கள், கண்ணாடிப் பெட்டியில் பூச்சிகளைச் சேர்த்தார்கள், சுவரில் செடிகொடிகளின் படங்களை மாட்டினார்கள். அந்தப் படங்களைக் கையால் மறுபடி தீட்டி வீட்டுச் சுவரில் மாட்டும் ஆசை இப்போது திரும்பவும் பரவியிருக்கிறது. நகலெடுப்பவர்கள் விரும்பித் தேடுவோரில் ஒருவர் மரியான் நார்த். இவர் 1877இல் இலங்கையிலிருந்து தூத்துக்குடி வந்து இறங்கி, மதுரை, தஞ்சாவூர் என்று தனியாகவே பயணம் செய்த ஓவியர். அவருடைய எண்ணூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள், 1882இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் திறந்த தனிக் கூடத்தில் சுவர் தெரியாதபடி நெருக்கமாக மாட்டப்பட்டிருக்கின்றன. நல்ல ஓவியங்கள்தாம். ஆனால் நம் வீட்டுச் சுவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அங்கே போகமாட்டேன். அவருக்கு முன்பே, நம் ஊர்க்காரர்கள் இருவர், நம் செடிகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் ரங்கையா, மற்றவர் கோவிந்து.

இவர்களை வேலைக்கு வைத்தவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். மனமெல்லாம் செடிகளில். 1826இல் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டில் கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துக்குப் படைமருத்துவராகப் போனார். அங்கேயும் விடவில்லை. ரங்கையா வரைந்த படங்களைக் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கர் என்ற தாவரவியல் பேராசிரியருக்குக் கடல் வழியே அனுப்பிக்கொண்டிருந்தார். ஹூக்கர் அவற்றில் சிலவற்றை அச்சிட்டார். பிறகு வைட், அடுத்தவரை நம்பியிருக்காமல் சென்னையிலேயே தாமே புத்தகம் போட முடிவு செய்தார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த ‘ஐகோன்ஸ் பிளாண்டாரம்’ ஆறு தொகுதிகள். வண்ணம் இல்லாத 2101 படங்கள். ‘இந்தியத் தாவரவியல் விளக்கப் படங்கள்’, நீலகிரிச் செடிகளைப் பற்றிய ‘ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்’ ஆகிய இரண்டும் வண்ணத்தில். 1853இல் அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது அச்சேறியிருந்த படங்கள் மொத்தம் 2464. முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ரங்கையாவின் கை. பின்னால் வந்தவை கோவிந்துவின் கை.

வண்ண அச்சு இயந்திரம் சென்னையில் இல்லாத நாளில் வண்ணப் புத்தகம் எப்படி வந்தது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வைட் கையாண்டது கல்லச்சு. 1790களின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிற முறை. மழமழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த மையால் வரைவார்கள். அந்தக் கொழுப்பு கல்லிலுள்ள கால்சியத்தோடு வினைபுரிந்து, கரையாத ஒருவகைச் சோப்பாகக் கல்லிலேயே உறைந்துவிடும். பிறகு கருவேலம் பிசின் போன்ற வேல மரப் பிசினில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கல் முழுவதும் பூசுவார்கள். கோடு இல்லாத இடங்கள் தண்ணீரை விரும்பிப் பிடித்துக்கொள்ளும் தன்மையைப் பெறும். கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். கோடு மட்டும் வாங்கிக்கொள்ளும். மேலே காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் படம். பள்ளம் இல்லை, மேடு இல்லை. சமதளத்தில் நடக்கும் அச்சு.

கல்லில் நேராக வரைந்தால் காகிதத்தில் இடவலம் மாறிவிடும். மரத்துக்கு அதனால் கேடில்லை. கொடிக்குக் கேடு. உலகத்தின் சுற்றுக்கொடிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே திசையில் சுற்றி ஏறுகின்றன; அந்தத் திசை ஒவ்வோர் இனத்துக்கும் பிறவிக்குணம். மாற்றுத்தாளில் முதலில் வரைந்து அதைக் கல்லுக்கு ஏற்றினால் திசை காப்பாற்றப்படும்; அல்லது ஓவியர் கண்ணாடிப் பிம்பமாகவே வரைய வேண்டும். பழைய படம் எதிலாவது கொடி இருந்தால், நகலெடுக்கும் முன் வேலியில் ஏறியிருக்கும் உயிருள்ள கொடியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கல்லச்சில் வருவது கறுப்புக் கோடு மட்டும். வண்ணத்தைக் கையால்தான் போட வேண்டும். முதலில் ஒரு மாதிரிப் படம் முழு வண்ணத்தில் தயாராகும். அதைப் பார்த்துப் பார்த்து, அச்சான ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் பூசுவார்கள். இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பூவின் சிவப்பு இன்னொன்றில் ஒரு சாயை கூடியிருக்கும். அப்படியானால் விக்டோரியா காலத்து இந்த வகை வண்ணப் படம் என்று நாம் சொல்வது தொடக்கத்திலிருந்தே கையால் தீட்டிய நகல்தான். அசலை இன்னொருவர் கையால் மறுபடி செய்வது மட்டமான வேலை என்ற எண்ணம் இந்தப் படங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. சென்னையில் மருத்துவராகவும் பின்னால் வனத்துறைத் தலைவராகவும் இருந்த ஹியூ கிளெக்கார்ன், அச்சுப் புத்தகப் படங்களைப் பார்த்துக் கையால் நகல் எடுக்க உள்ளூர் ஓவியர்களையே அமர்த்தியிருந்தார். நகலெடுப்பதும் இந்தத் துறையின் வேலைகளில் ஒன்றாகவே இருந்தது.

இனி அந்தப் பச்சைக்கு வருவோம். இலைக்கு ஏற்ற, ஒளி ஊடுருவும் ஒரு நல்ல பச்சை அந்த நாளைய வண்ணப் பெட்டியில் தனியாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் நீலத்தின் மேல் மஞ்சளைச் சேர்த்துத்தான் பச்சை செய்தார்கள். நீலத்துக்கு அவுரி, அல்லது 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்ய நீலம். மஞ்சளுக்குக் கம்போஜ் என்ற பிசின். நம் குடம்புளிக்கு உறவான கார்சீனியா மரங்களின் பட்டையைக் கீறினால் வடிவது. சயாம் பக்கத்திலிருந்து அது கப்பலில் வந்தது.

அவுரியின் வேதியியல் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தச் செடியின் இலையில் நீலமே கிடையாது. இலையில் இருப்பது நிறமற்ற இண்டிகன்; ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சுமந்துகொண்டிருக்கும் பொருள். அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திப் பல மணி நேரம் ஊறவிட்டால், நொதித்தலில் அந்தச் சர்க்கரை பிரிந்து இண்டாக்சில் மிஞ்சும். அப்போதும் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு விட்டு, ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்குவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் கலக்கக் கலக்க, இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் கைகோத்து நீலமாகும். நீலம் தண்ணீரில் கரையாது. அடியில் வண்டலாகப் படியும். வடித்து, காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே தொட்டிகள் காய்ந்தன. திண்டிவனம் பக்கம் மட்டும் இந்தத் தொழில் முழுதாக அற்றுப்போகவில்லை. இன்றும் அவுரி விதைக்கிறார்கள், தொட்டியில் ஊறவைக்கிறார்கள், கட்டி எடுக்கிறார்கள். ரங்கையாவின் காலத்து நீலத்தை அதே முறையில் செய்து பார்க்க விரும்பும் ஓவியர் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

மஞ்சள் ஏன் போயிற்று? ஒரு பொருள் நிறமாகத் தெரிவதே அது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதால்தான். கம்போஜ் மூலக்கூறு நீலப்பக்க ஒளியை விழுங்குகிறது. மிச்சம் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நீல ஒளியும் அதற்கு அப்பாலுள்ள புறஊதா ஒளியும் ஆற்றல் மிகுந்தவை. விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வெளியேறிவிடும். எப்போதாவது ஒருமுறை, மூலக்கூறின் ஒரு பிணைப்பைத் தளர்த்திவிடும். ஆக்சிஜனும் ஈரமும் அந்த இடைவெளியில் புகுந்து வேலையை முடித்துவிடும். உடைந்த மூலக்கூறு நீல ஒளியை விழுங்காது. நிறம் போயிற்று. எந்தக் குணத்தால் அது மஞ்சளாக இருந்ததோ அந்தக் குணமே அதை அழிக்கிறது. அவுரி நீலமும் சாகாவரம் பெற்றதல்ல, அதுவும் மெல்ல மங்கும். ஆனால் கம்போஜைவிடப் பொறுமையாக. எனவே கலவையில் மஞ்சள் முந்திக்கொண்டு போக, இலை நீலமாகிறது.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் விழுப்புரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பனமலை தாளகிரீசுவரர் கோயிலில், பல்லவன் ராஜசிம்மன் காலத்துச் சுவரில், குடையின் கீழ் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம். ஏறக்குறைய 1300 ஆண்டுகள். சிதைந்தது போக எஞ்சிய காவிச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் காவியும் மஞ்சளுமாகவே இருக்கின்றன. அவை மண் வண்ணங்கள். இரும்பு ஏற்கனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்த பொருள்கள். ஒளி வந்து உடைப்பதற்கு அங்கே எளிதான பிணைப்பு இல்லை. பல்லவ ஓவியர்களின் பெட்டி சிறியது, ஆயுள் பெரியது. விக்டோரியா காலப் பெட்டியில் நிறங்கள் ஏராளம். பலவும் பூவைப் போலவே வாடுகிறவை.

இப்போது நகலெடுப்பவர் முன் உண்மையான ஒரு சிக்கல் நிற்கிறது. திரையிலோ அச்சிலோ உள்ள படத்தில் இலை நீலம். அதை அப்படியே தீட்டுவதா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பழமையின் அழகு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ரங்கையா தீட்டியது பச்சை. ஒளி செய்த சேதத்தை அவருடைய கைவேலையாக நகலெடுப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. சரி, அந்தப் பச்சை எது என்று எப்படித் தெரியும்? மங்கிய தாளில் விடை இல்லை. செடியில் இருக்கிறது.

லண்டனில் உட்கார்ந்து நகலெடுப்பவருக்கு இல்லாத ஒரு வசதி கோலியனூரில் தூரிகை பிடிப்பவருக்கு உண்டு. ஏரிக்கரையில் இறங்கினால் அசல் நிற்கிறது. விடத்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். முள் அடர்ந்த இந்தச் செடியை விறகுக்கு வெட்டுவார்கள், வேலிக்குப் போடுவார்கள். யாரும் படமாக மாட்ட நினைப்பதில்லை. அதன் தாவரவியல் பெயர் டைக்ரோஸ்டாக்கிஸ் சினிரியா. வைட்டும் அவருடைய நண்பர் ஆர்னாட்டும் 1834இல் வெளியிட்ட ‘புரோட்ரோமஸ்’ நூலில்தான் அது இப்போதுள்ள பேரினத்தில் வைக்கப்பட்டது. பூங்கொத்து தலைகீழாகத் தொங்கும். மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். மேலே உள்ள சிவப்புப் பூக்கள் மலட்டுப் பூக்கள். பூச்சியை அழைப்பது அவற்றின் பணி. கீழே உள்ள மஞ்சள் பூக்களே காய்க்கும். அந்த இளஞ்சிவப்பு நாள் செல்லச் செல்ல வெளுத்துக்கொண்டே போகும் என்பதால், ஒரே கிளையில் மூன்று நான்கு சாயைகள் இருக்கும். எந்தச் சாயையைத் தீட்டுவது என்பதைக் கிளைதான் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை நீர்மருதும் அதே நூலில்தான் இன்றைய பெயரான டெர்மினாலியா அர்ஜுனாவைப் பெற்றது. அதன் பட்டை உரிந்த இடத்து வெளிர்சாம்பல் நிறத்தைத் தென்பெண்ணைக் கரையில் ஒரு காலை நேரத்தில் பார்த்தவருக்கு வேறு மாதிரிப் படம் தேவைப்படாது.

நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. வைட்டின் படங்களில் கிளைக்குக் கீழே, உருப்பெருக்கியில் பார்த்து வரைந்த சின்னச் சின்னக் கூறுகள் இருக்கும்: பிளந்த சூலகம், தனியாக எடுத்த மகரந்தத் தாள், குறுக்கே வெட்டிய காய், விதை. வீட்டு அலங்காரத்துக்கு இது எதற்கு என்று கிளையை மட்டும் தீட்டி முடித்துவிடுகிறார்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு செடியில் மொட்டும் பூவும் காயும் விதையும் பெரும்பாலும் ஒரே நாளில் கிடைக்காது; ஓவியர் பல வாரங்களைச் சேகரித்து ஒரு தாளில் வைத்திருக்கிறார். அந்தக் கூறுகளை நீக்கினால் மிஞ்சுவது ஒரு பூங்கொத்து. அதற்கு ரங்கையா தேவையில்லை.

கையால் தீட்டும்போது கிடைப்பதும் அச்சில் கிடைப்பதும் பொருளளவிலேயே வேறு. டிஜிட்டல் அச்சில் பச்சை என்பது நீலப்பச்சை, மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாக விழுந்து கண்ணை நம்பவைப்பது. நீர்வண்ணத்தில் ஒளி மெல்லிய வண்ணப் படலத்தின் வழியே உள்ளே போய், வெள்ளைத் தாளில் பட்டு, அதே படலத்தின் வழியே திரும்பி வெளியே வருகிறது. ஒரே வண்ணத்தை இரண்டு முறை கடக்கிறது. தாள்தான் விளக்கு. அதனால்தான் தாள் முக்கியம். மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் சில ஆண்டுகளில் மஞ்சளித்து அமிலமாகும், விளக்கு மங்கிவிடும். நல்ல நீர்வண்ணத் தாள் பருத்தி நாரால் ஆனது. கோயம்புத்தூரில் 1842 முதல் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசு வேலையையும் இதே வைட்தான் செய்துகொண்டிருந்தார்.

மஞ்சளுக்கு இன்று கம்போஜை நம்ப வேண்டாம். அதன் சாயையைத் தரும் ஒளிதாங்கும் நிறமிகள் குழாய்களில் வருகின்றன. உறையில் எழுதியிருப்பதோடு நிற்காமல் சோதித்தும் பார்க்கலாம். ஒரு தாளில் உங்கள் வண்ணங்களைப் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் நேராக விழும் சன்னலில் ஒட்டிவிடுங்கள். ஒரு கோடை போதும். அட்டையை எடுத்தால் எந்த வண்ணம் உங்களை ஏமாற்றும் என்று தெரிந்துவிடும்.

எங்கே மாட்டுவது? உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி. அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படங்களுக்கு அனுமதிப்பது 50 லக்ஸ். நம் வீட்டுக் கூடம் இவை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. வாசலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். வெயில் நேராக விழாத உள்சுவரே சரி. சமையலறைச் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறும். சட்டத்தின் பின்னால் சின்னத் தக்கைகள் வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போக இடம் விடுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு இருக்கட்டும்; இல்லையென்றால் வியர்க்கும் கண்ணாடியில் தாள் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சட்டத்தைக் கழற்றி ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பசையும் தாளும் அதற்கு விருந்து.

கடைசியாகப் பெயர். வைட்டின் அச்சுப் படங்களின் அடியில், பொடி எழுத்தில், வரைந்தவர் ரங்கையா என்றோ கோவிந்து என்றோ இருக்கும். அந்தக் காலத்தில் இந்திய ஓவியர்களுக்கு எல்லா இடத்திலும் கிடைத்த மரியாதை அல்ல அது. வைட் இன்னும் ஒரு படி போய், 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துயா என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த வகைப்பாட்டில் அந்தச் செடி டிரோபிடியா என்ற பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டது. கோவிந்துவின் பெயர் வழக்கிழந்த பெயர்களின் பட்டியலுக்குப் போயிற்று. இருவரும் வரைந்த நூற்றுக்கணக்கான மூலப்படங்கள் எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய தாவரவியலாளர் ஹென்றி நோல்டி அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2007இல் நூலாகக் கொண்டுவந்தார். ஓவியர்கள் இருவரின் பெயரும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

நகல் முடிந்ததும் கீழ் விளிம்பில் செடியின் தமிழ்ப் பெயரை முதலில் எழுதுங்கள், அடுத்துத் தாவரவியல் பெயரை. ரங்கையாவைப் பார்த்து வரைந்தது என்றால் அப்படியே சொல்லிவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள். செடியை நேரில் பார்த்த ஊரும் மாதமும் கட்டாயம் வேண்டும். தளிர்விடும் மாதத்து இலையும் வெயிலில் முற்றிய இலையும் ஒரே பச்சை இல்லை.